எட்டே முக்காலுக்கு வெளிவரும் மருந்துப்பெட்டி

அதிகாரி மாளிகையின் முற்றம். வாள் உருவிய அடியாட்களுக்கு நடுவே கைத்தடியோடு ஒரு வெண்தாடிக் கிழவர். எச்சிகோ நாட்டுத் துணி வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வந்தவர். துணைக்கு வந்த சுகே, காக்கு இருவரும் அடியாட்களைப் புரட்டி எடுக்கிறார்கள். கிழவர் 'போதும்' என்றதும் காக்கு மடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டுகிறான். அரக்குப் பூச்சின் மேல் பொன்னிறத்தில் மூன்று இலைகள். நாட்டை ஆளும் ஷோகன் குடும்பத்தின் முத்திரை! அதிகாரி உட்பட அத்தனை பேரும் தரையில் நெற்றி பட விழுகிறார்கள்.

டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1969 ஆகஸ்டில் தொடங்கிய 'மிட்டோ கோமோன்' தொடரில் வாராவாரம் இதுதான் உச்சக்கட்டம். திங்கள் இரவு 8 மணிக்குத் தொடர், 8.45 வாக்கில் பெட்டி வெளிவந்துவிடும் என்பது ஜப்பானியக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே பார்த்தார்கள். 1979 பிப்ரவரி 5 அன்று பார்வையாளர் விகிதம் 43.7 சதவீதம்.

அந்தப் பெட்டியின் பெயர் இன்ரோ. பை இல்லாத கிமோனோவில், மருந்து வைத்து இடைக்கச்சையில் தொங்கவிட்டுக்கொள்வது.

கிழவரும் கற்பனை மனிதர் அல்ல. ஷோகன் இயெயாசுவின் பேரன், மிட்டோவின் பிரபு டோக்குகாவா மிட்சுகுனி (1628–1701). ஆனால் அவர் நாடு சுற்றியதில்லை. 1657இல் அவர் தொடங்கிவைத்த ஜப்பான் வரலாற்று நூல் 1906இல்தான் முடிந்தது. அதற்காகப் பழைய ஆவணங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் சஸ்ஸா முனேகியோ என்ற அறிஞர். சுகேயின் மூலவடிவம் அவர்தான். பின்னாளில் கதைசொல்லிகள் பிரபுவையே பயணம் கிளப்பிவிட்டார்கள்.

அப்படியொரு கதைக்கு மக்கள் ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. அன்றைய ஜப்பான் 250க்கு மேற்பட்ட பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. எல்லை தாண்டிய குற்றவாளியைத் துரத்த முடியாது. கான்டோ வட்டாரத்தின் எட்டு மாகாணங்களிலும் எல்லை பார்க்காமல் நுழையும் ரோந்து அதிகாரிகளை அரசு நியமித்ததே 1805இல்தான். அவர்களாலும் மிட்டோ பகுதிக்குள் நுழைய முடியாது.

தொடரின் உயிர் பெட்டியில் இல்லை. அதற்கு முந்தைய நாற்பது நிமிடங்களில் இருக்கிறது. சத்திரத்தில் அழும் பெண்ணிடம் கிழவர் பொறுமையாகக் கேட்கிறார். யாஷிச்சி, பழைய நிஞ்ஜா, இருளில் பதுங்கி அதிகாரியின் பேரத்தை ஒட்டுக்கேட்கிறான். சாட்சி சேர்ந்த பிறகே முத்திரை வெளிவருகிறது. ஏழையின் புகாரை முழுதாகக் கேட்கும் அதிகாரம்! அதைத்தான் ஜப்பான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தது.

கிழவராக, அதாவது கோமோனாக, முதலில் நடித்தவர், குரோசாவாவின் 'யோஜிம்போ' படத்தில் மதுக்கடைக்காரராக வந்த எய்ஜிரோ டோனோ. 1971இல் சுகேயாகச் சேர்ந்த கோட்டாரோ சட்டோமி, 2002இல் கோமோனாகவே ஆனார். 1,227 அத்தியாயங்களுக்குப் பிறகு 2011 டிசம்பர் 19 அன்று அந்தத் தொடர் முடிந்தது. கிழவரும் சுகேயும் காக்குவும் இன்று மிட்டோ ரயில் நிலையத்தின் வடக்கு வாசலில் சிலைகளாக நிற்கிறார்கள்.