கல்யாணம் முடிந்தது, குடித்தனம் எப்படி?

பந்தல் பிரித்தாயிற்று. வாசலில் கட்டிய வாழைமரத்தை ஆட்டுக்குப் போட்டாயிற்று. மொய் நோட்டைப் புரட்டி, யார் யார் எவ்வளவு என்று மாமனும் மச்சானும் கணக்குப் பார்த்து முடித்தாயிற்று. இனி விடிந்தால் பிரட்டு. மாப்பிள்ளை கத்தியைத் தீட்ட வேண்டும். பெண்ணுக்கோ அடுப்பு எங்கே, அரிசி எங்கே, மாமியார் மனம் எங்கே என்று தேடவே நேரம் சரியாக இருக்கும்.

ஜொகூர்த் தோட்டங்களில் நம்மவர் லயங்கள் முன்போல நிறைந்து கிடக்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். ஆனாலும் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் இன்னும் லயத்தில் குடித்தனம் தொடங்கும் புதுமணத் தம்பதிகள் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களுக்குப் புத்தி சொல்லக் காத்திருக்கும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

புது வீட்டில் புதுப்பெண்ணுக்கு முதலில் தோன்றும் ஆசை, வீட்டை அழகாக்க வேண்டும் என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அந்த வீடு கம்பெனி வீடு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகன் கல்யாணத்துக்கென்று சமையல்கட்டைப் பெரிதாக இழுத்து, தரைக்கு ஓடு பதித்து, பின்பக்கம் கூரை போட்டார்கள். பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் போயிற்று. மூன்றாம் வருடம் மறுநடவுக்காக அந்த லயத்தையே இடித்துவிட்டார்கள். நஷ்டஈடா? யாரைக் கேட்பது? கேட்காமல் கட்டியதற்குக் கேள்வி வராமல் போனதே பெரிது.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி, குடியிருப்பைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைப்பது முதலாளியின் கடமை. அனுமதியில்லாமல் கட்டடத்தை இழுத்துக் கட்டுவது அதே சட்டப்படி கூடாது. ஆகவே கூரை ஒழுகினால் சொந்தக் காசைப் போட்டுத் தகரம் வாங்க ஓடாதீர்கள். ஆபீசுக்குப் போங்கள், கிராணியிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். “என்னங்க, ஒரு தகரத்துக்குப் போய்ச் சண்டையா?” என்று புதுப்பெண் பயப்படலாம். இது சண்டையில்லை அம்மா, முறை.

நம் கைக்காசு, போகும்போது தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமானில்தான் விழ வேண்டும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும். சுவரோடு சேர்த்து ஆணியடித்துச் செய்யும் அலமாரி வேண்டாம். தனியாக நிற்கும் அலமாரி வாங்கலாம். தரைக்கு ஓடு வேண்டாம். சுருட்டி எடுக்கும் விரிப்பு போதும். மின்விசிறியும் குளிர்பெட்டியும் கூட வரும். இழுத்துக் கட்டிய சமையல்கட்டு கூட வராது.

பழைய பலகை வீடுகளில் நம் பாட்டிமார் செய்த சிக்கனம் ஒன்றிரண்டு இன்றைக்கும் உதவும். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, பழைய பத்திரிகையைப் பலகைச் சுவரில் ஒட்டுவார்கள். காற்று அடைபடும், வீடும் வெளிச்சமாக இருக்கும். நம் தமிழ்ப் பத்திரிகைகளும் அப்படிச் சுவரேறியதுண்டு. எங்களுக்கு அதில் வருத்தமேயில்லை. அந்தச் சுவரைப் பார்த்தே எழுத்துக் கூட்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் அடுப்புப் பக்கம் காகிதம் ஒட்டாதீர்கள், நெருப்புக்கு அழைப்பு வைத்தது போலாகும். பசைக்குக் கரப்பானும் வரும். அதைவிடச் சுண்ணாம்பு நல்லது. உப்பும் கொஞ்சம் பசையும் கலந்து இரண்டு தடவை அடித்தால் கையில் ஒட்டாது, வாசமும் நன்றாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அடித்துவிடலாம். மாப்பிள்ளை ஏணியில், பெண் வாளியோடு கீழே. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

பின்பக்கம் மழைத்தண்ணீர் பிடிக்கத் தோம்பு வைத்திருப்பீர்கள். அதற்கு மூடியோ வலையோ கட்டாயம் வேண்டும். டிங்கிக் காய்ச்சல் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு பழைய மங்கில் தேங்கிய தண்ணீர் போதும். கொசு வளர விட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கே அபராதம் வரும். தோம்பை வாரம் ஒருமுறை உரசிக் கழுவுங்கள். மீதியிருக்கும் நிலத்தில் முருங்கைக் கொப்பு ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, பசலை, பொன்னாங்கண்ணி. ஆறு மாதத்தில் காய்கறிச் செலவு குறைவதை நோட்டில் பார்க்கலாம்.

தவணைச் சாமான் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமான ஆறு மாதத்துக்குள் சலவை இயந்திரம், பெரிய தொலைக்காட்சி, மெத்தைக் கட்டில் எல்லாம் தவணையில் வந்து இறங்கிவிடும். ஆயிரம் வெள்ளிச் சாமானுக்கு மாதம் அறுபது வெள்ளி என்றால் இலேசாகத் தெரியும். இருபத்து நான்கு மாதம் கட்டினால் 1,440 வெள்ளி. அந்த 440 வெள்ளி எதற்கு? கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, மொத்த விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கிப் போக முடியாது. இது தெரியாமல் கடைசி நான்கு தவணைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

“அப்போ கூட்டு போடலாமா?” என்று கேட்கிறீர்கள். கூட்டு பிடிப்பதைத் தொழிலாக நடத்த 1971ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். பிடித்தவர் ஓடிப்போனால் போலீசுக்குப் போய் என்ன சொல்வீர்கள்?

அந்தக் காசு சேர வேறு வழி இருக்கிறது. இருவரும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். (2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது இந்தச் சம்பளம்.) சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக ஒருவருக்கு மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதத்திலிருந்து இதை மூன்று கணக்காகப் பிரிக்கிறார்கள். 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு. 15 விழுக்காடு ‘செஜாத்ரா’ கணக்கு. வீடு வாங்க எடுக்கக்கூடியது இதுதான். 10 விழுக்காடு ‘ஃபிளெக்சிபல்’, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

செஜாத்ராவில் ஒருவருக்கு மாதம் 61 வெள்ளி 20 காசு. இருவருக்கும் 122 வெள்ளி 40 காசு. ஐந்து வருடத்தில் இலாப ஈவு சேர்க்காமலே 7,344 வெள்ளி. எண்பதாயிரம் வெள்ளிக்கு ஒரு மலிவு வீடு என்றால் பத்து விழுக்காடு முன்பணம் எட்டாயிரம். ஏறக்குறைய வந்துவிட்டது பாருங்கள்! கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கினால் இருவருமே தத்தம் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஃபிளெக்சிபல் கணக்கில் சேர்வதைத் தீபாவளிக்கும் கைப்பேசிக்கும் கரைக்காமல் விட்டால் இன்னும் ஒரு படி ஏறலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? வேலை ஓய்வு வயது 60 என்று 2013லிருந்து சட்டம் சொல்கிறது. அறுபதில் வேலை முடியும்போது லயத்து வீடும் முடியும். முப்பது வருடம் அதே வாசலில் கோலம் போட்டவர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டு வரவேற்பறையில் படுப்பதை நாங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டத்தில் பார்த்தோம். 1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது வேறெதற்கு? வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, நம்மவர் வீடிழந்து நடுத்தெருவில் நின்றார்கள். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

பதிவு செய்தீர்களா?

“கோயில்ல தாலி கட்டியாச்சு, ஊரே பாத்துச்சு, அப்புறம் என்ன பதிவு?” என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1க்கு முன் அது சரி. அன்று 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு, பதிவில்லாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது நிரம்ப வேண்டும். 21 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பம் கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆகவே முகூர்த்தத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போங்கள். ஜொகூரில் 2025லிருந்து மறுபடியும் சனி, ஞாயிறுதான் அரசாங்க விடுமுறை. பழைய நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

பதிவில்லாமல் போனால் அடி பிள்ளைக்குத்தான் விழும். பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் வரும். அப்பனிடம் நீல அடையாள அட்டை இருந்தும், தாயிடம் சிவப்பு அட்டையோ ஒன்றுமே இல்லையோ என்றால் பிள்ளை சிக்கலில் மாட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. பெண்ணுக்கு 98 நாள் பிரசவ விடுமுறை, கணவனுக்கு 7 நாள் விடுமுறை என்று 2023 முதல் சட்டம் கொடுக்கிறது. கணவனுடைய அந்த ஏழு நாளுக்கு ஆபீசில் கல்யாணச் சான்றிதழைக் கேட்பார்கள். சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரை எழுதியிருப்பீர்கள். அப்பா காலமாகி ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

எங்கே போவது?

தேன்நிலவு என்ற சொல்லை நம் ஆட்களுக்குப் பழக்கியதில் 1961இல் ஸ்ரீதர் எடுத்த படத்துக்குப் பங்குண்டு. காஷ்மீர் ஏரியில் படகு ஓடியதைப் படக் கொட்டகையில் பார்த்தோம். திரும்பி வந்து பால் வாளியைத் தூக்கினோம். அதற்கு முன் நமக்குத் தேன்நிலவு இல்லையா என்ன? மறுவீடு, விருந்து என்று ஒரு மாதம் தோட்டம் தோட்டமாகப் போவதுதான் தேன்நிலவு. சித்தப்பா வீட்டில் கோழி, அத்தை வீட்டில் நண்டு. புதுப்பெண்ணுக்கு முப்பது பேர் முகம் பழகிவிடும். ஒரே குறை, இருவரும் தனியாக நாலு வார்த்தை பேச முடியாது.

அதனால் விருந்துக்கும் போங்கள், தனியாகவும் இரண்டு நாள் போங்கள். ஆனால் லீவை எண்ணிப் பாருங்கள். கல்யாண லீவு என்று சட்டத்தில் தனியாக ஒன்றும் கிடையாது. இரண்டு வருடத்துக்குக் குறைவான சர்வீஸ் என்றால் வருட லீவு 8 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 12. அதற்கு மேல் 16. கல்யாணத்துக்கே நாலு நாள் போயிருக்கும். சங்க ஒப்பந்தத்தில் கூடுதலாக ஏதும் உண்டா என்று கிளைத் தலைவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்தான் என்றால் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி. கட்டுச்சோற்றோடு போய் மாலையில் திரும்பலாம். அல்லது ஜொகூர் பாரு போய், 1922இல் தோன்றிய ராஜகாளியம்மன் கோயிலைப் பாருங்கள். சுவரும் தூணும் கண்ணாடிச் சில்லால் மின்னுவதைப் பெண்ணுக்குக் காட்டினால் அம்மனுக்கும் சந்தோஷம், பெண்ணுக்கும் சந்தோஷம். பொந்தியான் பக்கம் தஞ்சோங் பியாய் இருக்கிறது, ஆசியக் கண்டத்து நிலத்தின் தெற்கு முனை. குரங்குகள் பையைப் பறிக்கும், பழத்தை வெளியே காட்டாதீர்கள்.

இரண்டு நாள் கிடைத்தால் கடல். குளுவாங்கிலிருந்து கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போகலாம். அங்கிருந்து தீவுகளுக்குப் படகு. கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் படகு விடுவார்கள், நேரம் நாளுக்கு நாள் மாறும். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பக்கமே வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், தங்குமிடங்கள் பாதிக்கு மேல் மூடிக் கிடக்கும். தையில் கல்யாணம் செய்தவர்கள் மார்ச் வரை பொறுக்கலாம், கடல் எங்கும் போய்விடாது.

மலைதான் வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தால் கேமரன் மலை. 2025 ஆகஸ்டில் மின்சார இரயில் குளுவாங் வரை வந்துவிட்டதால் கோலாலம்பூர் போவது சுலபம். பழைய ஸ்டேஷனில் 1938லிருந்து நடக்கும் காப்பிக்கடையில் ஒரு காப்பியும் ரொட்டியும் பசியாறிவிட்டு ஏறலாம். தலைநகரில் தாசிக் செலாத்தான் பேருந்து நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேர் பஸ் உண்டு. மலைப்பாதை வளைந்து வளைந்து போகும். எலுமிச்சம்பழம் ஒன்று பெண் கையில் இருக்கட்டும். பள்ளி விடுமுறையில் அறை வாடகை இரட்டிப்பாகும், ஆகவே நடுவாரத்தில் போங்கள். மேலே போனால் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாக விரிந்து கிடக்கும். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் வேலை செய்து, தேன்நிலவுக்கும் தோட்டத்துக்கே போகிறோமே என்று மாப்பிள்ளை முணுமுணுக்கலாம். போகட்டும், அங்கே நிரை எண்ண வேண்டியதில்லை. இராத்திரி குளிரும், தோட்டத்துப் போர்வை பத்தாது. கம்பளிச் சட்டையை அங்கே வாங்காமல் குளுவாங் இரவுச் சந்தையிலேயே வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.