நிறுவனச் செயலி உரிம மேலாண்மை

நிறுவனச் செயலி உரிம மேலாண்மை என்பது ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் கைக்கணினிகளுக்குத் தேவையான செயலிகளை மொத்தமாக வாங்கி, பகிர்ந்தளித்து, வேண்டியபோது திரும்பப் பெறும் முறையாகும். தனியே கணினிப் பிரிவு இல்லாத சிறு நிறுவனங்களுக்கு இது மிகவும் பயன்படுகிறது. செயலியின் உரிமம் ஊழியருடையதா, நிறுவனத்தினுடையதா என்பதே இதன் அடிப்படைக் கேள்வி. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடு கருவிகளில் இம்முறை வளர்ந்த விதம் கீழே விளக்கப்படுகிறது.

சிக்கலின் தோற்றம்

ஆப் ஸ்டோர் 2008 ஆம் ஆண்டிலும் ஐபேடு 2010 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஆப் ஸ்டோரில் ஒருவர் வாங்கும் செயலி அவருடைய ஆப்பிள் கணக்குடன் பிணைக்கப்படுகிறது. எனவே ஊழியர் தம் சொந்தக் கணக்கில் வாங்கிய செயலிக்கு நிறுவனமே பணம் கொடுத்திருந்தாலும், அவர் பணியிலிருந்து விலகும்போது செயலியும் அவருடன் சென்றுவிடும். ஒரே கணக்கின் கடவுச்சொல்லை அனைவருக்கும் கொடுப்பதும் தீர்வாகாது. ஒருவருடைய தொடர்புகளும் ஒளிப்படங்களும் மற்றவர் கருவிகளில் தோன்றக்கூடும்.

வரலாறு

2011 ஆம் ஆண்டு ஆப்பிள், வணிக நிறுவனங்களுக்கான மொத்தக் கொள்முதல் திட்டத்தை அறிவித்தது. இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு குறியீடு வழங்கப்பட்டது. குறியீட்டை ஊழியர் பயன்படுத்தியதும் செயலி அவருக்கே நிலையாக உரியதாயிற்று. எடுத்துக்காட்டாக, 10 பேர் கொண்ட கடை 10 படிகளை வாங்கியபின் ஒருவர் விலகினால், அவரிடத்தில் வருபவருக்கு 11 ஆவது படியை வாங்க வேண்டியிருந்தது.

2013 ஆம் ஆண்டு வெளியான ஐஓஎஸ் 7 இயங்குதளத்துடன் இந்நிலை மாறியது. உரிமம் நிறுவனத்திடமே இருக்க, அதை ஊழியருக்கு ஒதுக்கவும் பின்னர் மீட்டு மற்றொருவருக்கு அளிக்கவும் இயன்றது. 2015 ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 9 முதல், ஊழியருக்கு ஆப்பிள் கணக்கு இல்லாவிடினும் கருவிக்கே நேரடியாக உரிமத்தை ஒதுக்க முடிந்தது. 2018 ஆம் ஆண்டு, கருவிப் பதிவையும் செயலிக் கொள்முதலையும் ஒன்றிணைத்து ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்னும் இணையவாயில் தொடங்கப்பட்டது.

செயற்படும் முறை

1. நிறுவனம் தன் பெயரில் பதிவு செய்து, வேண்டிய எண்ணிக்கையில் உரிமங்களை வாங்குகிறது. இலவசச் செயலிகளுக்கும் இவ்வாறே உரிமம் பெறப்படுகிறது.
2. அவ்வுரிமங்கள் கருவி மேலாண்மை மென்பொருளில் சேர்க்கப்படுகின்றன.
3. மேலாளர் அவற்றை ஊழியருக்கோ கருவிக்கோ ஒதுக்குகிறார். செயலி இணையம் வழியே நிறுவப்படுகிறது.
4. ஊழியர் விலகும்போது உரிமம் மீட்கப்பட்டு அடுத்தவருக்கு வழங்கப்படுகிறது.

வரையறைகள்

மொத்தமாக வாங்குவதால் மட்டும் வணிக நிறுவனங்களுக்கு விலை குறைவதில்லை. உரிமத்தை மீண்டும் பயன்படுத்துவதிலேயே சேமிப்பு உள்ளது. செயலிக்குள் நடைபெறும் கொள்முதல்கள் இம்முறையில் அடங்கா. ஒருவருக்கு வழங்கிய மின்னூலைத் திரும்பப் பெற இயலாது. மேலும், மேலாண்மையில் உள்ள செயலி நீக்கப்படும்போது கருவியில் அது சேமித்துள்ள தரவுகளும் அழிந்துவிடும். ஆகவே கணக்குப் பதிவுகள் போன்றவற்றை முன்னரே படியெடுத்து வைத்தல் அவசியம்.

ஊழியரின் சொந்தக் கருவிகள்

சில சிறு நிறுவனங்களில் ஊழியர்கள் தம் சொந்தக் கருவிகளிலேயே பணி செய்கின்றனர். இத்தகையோருக்காக 2019 ஆம் ஆண்டு ஐஓஎஸ் 13 உடன் பயனர் பதிவு முறை அறிமுகமானது. இதில் பணித் தரவுகள் தனியே பிரித்து வைக்கப்படுகின்றன. நிறுவனம் தன் செயலிகளையும் அவற்றின் தரவுகளையும் நீக்கலாம். கருவி முழுவதையும் அழிக்க இயலாது. நிறுவனத்தின் உரிமமும் ஊழியரின் அந்தரங்கமும் இவ்வாறு ஒருசேரக் காக்கப்படுகின்றன.