மாற்றிய முழங்கால் மடங்க: உடற்பயிற்சி சைக்கிளும் எழுதி வாங்க வேண்டிய பாகைக் கணக்கும்

செயற்கை முழங்கால் மூட்டு பொருத்திக்கொண்டவர்களில் பலர், வீடு திரும்பிய சில நாட்களிலேயே பிள்ளைகள் வாங்கிவைத்த உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு முழுச் சுற்று மிதிக்க முயன்று மூட்டை வீங்கவைத்துக்கொள்கிறார்கள். வேறு பலர் வலிக்கு அஞ்சி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தே இரண்டு மூன்று மாதங்களைக் கழித்துவிட்டு, அதன்பின் அதே சைக்கிள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிறார்கள். இரு சாராரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: தம் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அதை எழுதிக்கொடுக்க வேண்டியவர்களும் எழுதிக்கொடுப்பதில்லை.

கால் முழுதாக நீண்டிருக்கும் நிலையை 0 பாகை என்று கொண்டு, மடக்கத்தைக் கோணமானியால் அளப்பது மருத்துவ வழக்கம். சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 65 முதல் 70 பாகையும், படியேற 90 பாகையை ஒட்டியும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதற்குச் சற்று மேலும் மடக்கம் வேண்டியிருக்க, சைக்கிள் பெடலை முழுச் சுற்றாகச் சுற்றுவதற்கோ பொதுவாக 105 முதல் 110 பாகை தேவைப்படுகிறது. ஆகவே 80 பாகை மட்டுமே மடங்கும் காலை முழுச் சுற்றுக்குள் தள்ளினால், மூட்டு மடங்குவதற்கு மாறாக இடுப்பு ஒருபுறம் தூக்கிக்கொடுக்கும். பெடல் சுற்றிவிட்டது என்ற திருப்தி கிடைக்குமே தவிர மடக்கம் கூடியிருக்காது.

முறையான தொடக்கம் வேறு. காயம் கசிவின்றி ஆறி, அறுவை மருத்துவர் அனுமதித்த பின்னரே சைக்கிளில் ஏற வேண்டும். இருக்கையை உயர்த்தி, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது பாதம் அதை எட்டி முழங்கால் ஏறக்குறைய நீளும்படி வைத்து, எதிர்ப்பு விசையை முற்றிலும் தளர்த்திவிட்டு, பெடலை முன்னும் பின்னுமாக அரைவட்டத்தில் மட்டும் ஆட்டித் தொடங்க வேண்டும். மடக்கம் கூடக்கூட முதலில் பின்னோக்கிய முழுச் சுற்றும், அது வலியின்றி வசப்பட்ட பிறகே முன்னோக்கிய சுற்றும் வரும். அதுவும் எளிதானால் இருக்கையைத் தண்டிலுள்ள ஒரு துளை அளவு இறக்க வேண்டும். மடக்கத்தைக் கூட்டுவது இருக்கையின் உயரமே ஒழிய மிதிக்கும் வேகம் அன்று. அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர்கள் கழகத்தின் வழிகாட்டி, நாளொன்றுக்கு இருமுறை 10 முதல் 15 நிமிடங்கள் என்று தொடங்கி, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் 20 முதல் 30 நிமிடங்கள் என்ற அளவுக்கு மெல்ல உயரவும், எதிர்ப்பு விசையை நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே சிறிது சிறிதாகக் கூட்டவும் சொல்கிறது. மறுநாள் காலையில் மூட்டு முந்தைய நாளைவிட வீங்கிச் சூடாக இருந்தால் முந்தைய நாள் பயிற்சி மிகுதி என்பதே பொருள். அதைக் குறைக்க வேண்டும். தரையில் வைத்து மிதிக்கும் சிறு பெடல் கருவி வழுக்கும் இயல்புடையது என்பதால் அதைச் சுவரோடு அணைத்து வைப்பது அவசியம். சாலையில் ஓட்டும் சைக்கிளை இதற்கு மாற்றாக எடுப்பது விழுவதற்கு வழி.

சைக்கிள் மடக்கத்தைத்தான் தருகிறது, காலை முழுதாக நீட்டும் திறனைத் தருவதில்லை என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தன் எடையில் கீழே இறங்கவிடும் பயிற்சியைக் கைவிட்டவர், எவ்வளவு மிதித்தாலும் நொண்டியே நடப்பார். தலையணை முழங்காலுக்கு அடியில் போகக்கூடாது என்பதன் காரணமும் இதுவே.

கெண்டைக்கால் வலித்து வீங்கினால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். மிதிப்பதை நிறுத்தி, எண்ணெய் தேய்த்து உருவாமல், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108 வண்டியை அழைக்கத் தயங்கக்கூடாது. காய்ச்சலும் காயத்தில் கசிவும் சேர்ந்தால், மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்காமல் அறுவை செய்த மருத்துவரையே அணுக வேண்டும்.

இனி காகிதங்களுக்கு வரலாம். இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள்கூட டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்வது பொறுப்பின்மை. அறுவை முடிந்தபோது மேசையில் எத்தனை பாகை மடங்கியது, வீடு திரும்பும் நாளில் எத்தனை, நீட்டுவதில் எத்தனை பாகை குறை, காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், எத்தனை வாரம் இயன்முறை சிகிச்சை, சைக்கிள் எப்போது என்ற விவரங்களைப் படுக்கையைக் காலிசெய்யும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. எனவே கொடுக்க மறுத்தால் வாய்ச்சண்டை பயன்தராது, தேதியிட்ட கடிதத்தை நிர்வாகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பொருத்திய மூட்டின் நிறுவனம், தொகுதி எண், விலை ஆகியவை பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ஏற்பாடு இது.

இந்தப் பாகைக் கணக்குக்கு ஏன் இவ்வளவு வலியுறுத்தல் என்றால், காலம் குறுகியது. முதல் இரண்டு வாரங்களில் 90 பாகையை எட்டுவது பொதுவான இலக்கு. ஆறு வாரமாகியும் 90ஐத் தாண்டாத மூட்டுக்குள் நார்த்திசு இறுகத் தொடங்கியிருக்கக்கூடும். மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் தம் கையால் மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை அறுவைக்குப்பின் ஏறத்தாழ 12 வாரங்களுக்குள் செய்தால்தான் நன்கு பலன் தருகிறது. அந்தக் கெடு கழிந்தபின் ஒரு புதிய சைக்கிளை வாங்கி வீட்டுக்குள் நிறுத்துவதால் ஆகப்போவது மிகக் குறைவு. வாரம் ஒருமுறை கோணத்தை அளந்து குறித்து, இரண்டு வாரமாக எண் நகரவில்லை என்றால் அடுத்த மறுபரிசோதனைத் தேதி வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காத்திருக்கக் கூடாது.

எழுதி வாங்கிய அந்தத் தாள் காப்பீட்டுக்கும் வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றதற்குப் பிந்தைய செலவுகளைப் பல பாலிசிகள் 60 நாட்களோ அதற்கு மேலோ ஏற்கின்றன. இயன்முறை சிகிச்சைக் கட்டணம் அதில் அடங்குமா, எத்தனை நாளுக்கு என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதாத சிகிச்சை என்று நிறுவனம் கைவிரிக்க இடமின்றி, டிஸ்சார்ஜ் சம்மரி நகல், சிகிச்சையைப் பரிந்துரைத்த சீட்டு, நாள்வாரியான அசல் ரசீதுகள் மூன்றையும் பாலிசி சொல்லும் கெடுவுக்குள் தர வேண்டும். சைக்கிளின் விலையைப் பொதுவாக நிறுவனங்கள் தருவதில்லை. அதை எதிர்பார்த்து வாங்கவேண்டாம். கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த விதியின்கீழ் என்பதை எழுத்தில் கேட்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும், ஒரு மாதத்தில் பதிலில்லாவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கும் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

காசு கொடுத்து இயன்முறை மருத்துவரை வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு, 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயர் பதிய வேண்டும், அல்லது 104 எண்ணில் கேட்கலாம். வரும் பணியாளரிடம் ஒவ்வொரு முறையும் கோணத்தை அளந்து, தேதியோடு அதே தாளின் பின்புறத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.