இன்ஜின் சொன்னது டிரா

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம், அதுதான் கடைசி. சீனாவின் டிங் லிரன் வெள்ளை, சென்னையின் குகேஷ் கறுப்பு. பலகையில் இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி மிச்சம். குகேஷிடம் மட்டும் ஒரு சிப்பாய் கூடுதல். நேரலையில் திரையோரம் ஓடிக்கொண்டிருந்த செஸ் இன்ஜின் மென்பொருள் வெகுநேரமாக ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது: டிரா. குகேஷ் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் ஆட்டத்தை இழுத்துக்கொண்டே போனார். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைக்கு யானை போனது. அடுத்து மந்திரிக்கு மந்திரியும் போனது. கூடுதல் சிப்பாய் ராணியாகிவிடும் என்பது தெரிந்ததும் டிங் விட்டுக்கொடுத்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

இன்ஜின் சொன்னதில் பிசகில்லை. இருவரும் தப்பே செய்யாமல் ஆடினால் முடிவு டிரா என்பதுதான் அதன் கணக்கு. பதினான்கு ஆட்டம் ஆடிக் களைத்த மனிதர் எந்த இடத்தில் சறுக்குவார் என்பது அந்தக் கணக்கில் வராது. குகேஷ் ஆடியது அதை நம்பித்தான்.

செயற்கை நுண்ணறிவு விளையாட்டை எங்கே கொண்டுபோகும் என்று கேட்பவர்கள் முதலில் செஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டும் கபடியும் இனிமேல் நடக்கப்போகும் வழியில் செஸ் கால் நூற்றாண்டு முன்னாலேயே நடந்துவிட்டது.

ஒன்றரை டன்னிலிருந்து சட்டைப்பைக்கு

1997 மே மாதம் ஐபிஎம்மின் 'டீப் புளூ' கணினி அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் தோற்கடித்தது. ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பரிசீலிக்கும். ஆனால் எந்த நிலை நல்லது, எது கெட்டது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது மனிதர்கள்தான். சிப்பாய்க்கு ஒரு மதிப்பு, யானைக்கு அதைப்போல ஐந்து மடங்கு, ராஜாவைச் சுற்றிப் பாதுகாப்பு இருந்தால் கூடுதல் மதிப்பு என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள்.

2017இல் டீப்மைண்ட் நிறுவனம் கொண்டுவந்த 'ஆல்ஃபாஜீரோ' இந்த முறையையே மாற்றியது. ஆட்ட விதிகளை மட்டும் கொடுத்து, தன்னோடு தானே ஆட விட்டார்கள். வென்ற பக்கம் என்ன செய்தது, தோற்ற பக்கம் என்ன செய்தது என்று பார்த்து, உள்ளே இருக்கும் நரம்பு வலையமைப்பு தன் எடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டது. கூகுளின் பிரத்யேகச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் உழைக்க, நான்கே மணி நேரத்தில் அன்றைய முன்னணி இன்ஜினான 'ஸ்டாக்ஃபிஷ்'ஷை அது முந்தியது. 2018 இறுதியில் வெளியான ஆய்வறிக்கையின்படி, இரண்டும் மோதிய ஆயிரம் ஆட்டங்களில் ஆல்ஃபாஜீரோ 155 வென்றது, 6 தோற்றது, மற்றவை டிரா. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 6 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாஜீரோ பார்த்தது வெறும் 60,000. எதைப் பார்க்காமல் விடலாம் என்று கற்றுக்கொண்டதுதான் அதன் பலம்.

அந்த ஆட்டங்களைப் பார்த்த கிராண்ட்மாஸ்டர்கள் அசந்துபோனார்கள். எதிராளியின் ஒரு காயை முடக்கிப்போடுவதற்காக அது சிப்பாய்களைக் கூசாமல் தானம் செய்தது. பலகையின் ஓரச் சிப்பாயை எதிராளி ராஜாவின் வாசல்வரை ஓட்டியது. கொஞ்ச நாளில் மனிதர்களும் அப்படி ஆடத் தொடங்கினார்கள்.

இந்த நரம்பு வலையமைப்பைச் செல்போனுக்குள் கொண்டுவந்த யோசனை ஜப்பானிலிருந்து வந்தது. அந்நாட்டுச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018இல் ஒரு சிறிய நரம்பு வலையமைப்பை வடிவமைத்தார். ஒரு நகர்த்தலில் பலகையில் மாறுவது ஒன்றிரண்டு காய்கள்தான். எனவே மொத்தத்தையும் திரும்பக் கணக்கிடாமல் மாறிய பகுதியை மட்டும் திருத்தினால் போதும். சாதாரணச் செயலியே தாங்கும். 2020இல் ஸ்டாக்ஃபிஷ் இதை ஏற்றுக்கொண்டது. அது இலவச மென்பொருள். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போன், எந்த உலக சாம்பியனையும் வீழ்த்தும்.

கொடுமுடிக்குக் கிடைத்தது

சென்னை ஏன் செஸ் நகரமானது என்பதற்கு ஒரு காரணம் முகவரி. சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பும், அங்கே வந்த ரஷ்யப் புத்தகங்களும் விஸ்வநாதன் ஆனந்தின் தலைமுறைக்குக் கைகொடுத்தன. 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானபோது, காவிரிக்கரையில் கொடுமுடியில் இருந்த ஒரு பிள்ளைக்கு அந்த வசதி எதுவும் எட்டாது. ஓரளவு ஆடத் தெரிந்த ஆளைத் தேடவே சுமார் 40 கிலோமீட்டர் ரயிலேறி ஈரோடு போக வேண்டும்.

அந்தத் தூரத்தைத்தான் இன்ஜின் குறைத்தது. 2019இல் ஈரோட்டின் இனியன் நாட்டின் 61ஆவது கிராண்ட்மாஸ்டரானார். மஞ்சள் சந்தைக்கும் ஜவுளிக்கும் பேர்போன ஊரிலிருந்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போக அவருடைய உழைப்பும் குடும்பத்தின் பாடும்தான் முதல் காரணம். ஆனால் நல்ல ஓப்பனிங் தெரிய சென்னையில் வீடு வேண்டும் என்ற நிலை அதற்குள் மாறிவிட்டது என்பதும் உண்மை.

விடை கையிலிருந்தால்

இன்ஜின் எல்லோருக்கும் கிடைக்கிறது என்றால் எல்லோரும் ஏன் குகேஷ் ஆகவில்லை? குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கைத் தொடும்வரை அந்தப் பையனை இன்ஜின் பக்கமே விடவில்லை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பும் பிள்ளை பரீட்சையில் திணறும் அல்லவா, அந்தக் கவலைதான். விடையைப் பார்த்தவுடன் மூளை தேடுவதை நிறுத்திவிடுகிறது. போட்டி நாளில் பலகைக்கு முன்னால் தேடல் மட்டும்தான் கைவசம் இருக்கும். பிறகு உலகப் போட்டிக்குத் தயாரானபோது குகேஷ் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர், 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த மனப் பயிற்சியாளர் பேடி அப்டன்.

இன்னொரு தொல்லை கள்ள ஆட்டம். கழிப்பறைக்குப் போய் போனைப் பார்த்துவிட்டு வந்தால் போதும், ஆட்டம் கைமாறிவிடும். அதனால் பெரிய போட்டிகளின் வாசலில் மெட்டல் டிடெக்டர் நிற்கிறது; நேரலையைச் சில நிமிடம் தாமதித்து ஒளிபரப்புகிறார்கள். ஒருவரின் நகர்த்தல்கள் இன்ஜின் தேர்வோடு அவர் தரத்துக்கு மீறி ஒத்துப்போகின்றனவா என்று புள்ளியியல் முறையில் ஆராய்கிறார்கள். கள்ளத்துக்கும் காவலுக்கும் ஒரே இயந்திரம்!

மைதானத்துக்கு வரும்போது

மற்ற விளையாட்டுகளில் இயந்திரம் முதலில் நடுவராக நுழைந்தது. 2008இல் இலங்கையில் நடந்த இந்தியா – இலங்கை டெஸ்ட் தொடரில், நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் டிஆர்எஸ் முறை சோதிக்கப்பட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அளந்து ஆஃப்சைடைக் கண்டுபிடித்தன. 2025 விம்பிள்டனில் கோட்டு நடுவர்களே இல்லை.

ஈரோடும் சேலமும் அடங்கிய கொங்கு மண்ணுக்கு இதைவிட முக்கியமானது பயிற்சியில் வரும் மாற்றம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டு வளர்ந்தவர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன். 2015 தொடக்கத்தில் ரஞ்சி ஆட வந்த கையோடு, அவர் பந்து எறிகிறாரோ என்ற சந்தேகம் எழுந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. அதை முறைப்படி அளக்க, சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் இருப்பதைப் போன்ற ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். நடராஜன் மாதக்கணக்கில் பாடுபட்டுத் தன் வீச்சைத் திருத்தினார். பிறகு ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியரானார்.

இன்று செல்போன் வீடியோவில் உடம்பின் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. ஊர் மைதானத்துப் பையனின் முழங்கை நிமிர்வதைப் பதினான்கு வயதிலேயே அது சுட்டிக்காட்டலாம். தீர்ப்புச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை. ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாது, ஊகிக்கத்தான் முடியும். நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில், வேகப்பந்து வீச்சாளரின் கை சுற்றி முடிப்பது நாலைந்து படங்களுக்குள் அடங்கிவிடும். ஸ்லோமோஷனில் எடுத்து, சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரியான பயன்பாடு.

கபடியில் இது இன்னும் கடினம். செஸ் பலகையின் 64 கட்டங்களும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். ரெய்டரை நான்கு பேர் அமுக்கிப் பிடிக்கும்போது எந்தக் கால் யாருடையது என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. கேமராவுக்கு எப்படித் தெரியும்? தவிர, இயந்திரம் கற்க ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவு வேண்டும். புரோ கபடிக்கு அது இருக்கிறது. மின்விளக்கு கட்டி விடிய விடிய நடக்கும் நம் ஊர்ப் போட்டிகளுக்கு இல்லை. ஊர் ஆட்டம் பதிவாகாதவரை, கபடி கற்கும் இயந்திரத்துக்கு ஊர்ப் பையனின் பிடி தெரியப்போவதில்லை.

பிள்ளையின் கையில் இன்ஜினைக் கொடுக்கும் பெற்றோருக்கு செஸ் தரும் பாடம் எளிது. ஆடி முடித்ததும் எங்கே கோட்டைவிட்டோம் என்று பிள்ளையே முதலில் எழுதட்டும். அப்புறம் இன்ஜினைத் திறக்கட்டும். அது காட்டும் நகர்த்தலை மனப்பாடம் செய்வதைவிட, அது தன் கண்ணில் ஏன் படவில்லை என்று யோசிப்பதில்தான் ஆட்டம் வளரும்.

சிறு ஊர்களில் செஸ் வளர்க்க நினைப்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு. உலகத்தரமான விடை இனி கொடுமுடிக்கும் சென்னைக்கும் ஒன்றுதான். அதை வாங்கித்தர யாரும் செலவழிக்க வேண்டியதில்லை. இல்லாதது எதிரே உட்கார ஆள்: வாராவாரம் போட்டி, கடிகாரத்தோடு நாலு பலகை, தோற்றவனைத் தட்டிக்கொடுத்து மறுபடி உட்காரவைக்கும் ஒரு வாத்தியார். பணமும் முயற்சியும் இனி அங்கேதான் போக வேண்டும்.