தியானத்தில் மூளை, ஜெபத்தில் மூளை



ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். தியானம் செய்கிறாரா, ஜெபம் செய்கிறாரா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூளைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ நியூபெர்க், யூஜின் டி'அக்கிலி என்ற இரு மருத்துவர்கள் 1990களில் அப்படி எட்டிப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். திபெத்திய பௌத்த முறையில் நன்றாகத் தியானம் பழகிய 8 பேரின் மூளையைப் படம் பிடித்தார்கள். அந்த முடிவு 2001இல் வெளியானது. பிரான்சிஸ்கன் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையைச் சேர்ந்த 3 கன்னியாஸ்திரிகள் ஜெபித்தபோது எடுத்த படங்களின் முடிவு 2003இல் வந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு யாரால் மனம் ஒன்றித் தியானம் செய்ய முடியும்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். தியானம் செய்பவர் அமைதியான ஓர் அறையில் உட்காருவார். அவர் கையில் ஏற்றிய ஊசியிலிருந்து நீளமான குழாய் ஒன்று அடுத்த அறைக்குப் போகும். பக்கத்தில் ஒரு நூலும் இருக்கும். தியானம் நன்றாகக் கூடிவந்ததும் அவர் நூலை மெல்ல இழுப்பார். அடுத்த அறையில் காத்திருக்கும் மருத்துவர் உடனே மருந்தைச் செலுத்துவார்.

அது மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட மருந்து. ரத்தத்தோடு போய் மூளையில் தங்கிவிடும். மூளையில் எந்தப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறதோ, அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். மருந்தும் அங்கேதான் அதிகமாகச் சேரும். பல மணி நேரம் அது கலையாது. அதனால் தியானம் முடிந்தபின் கேமரா முன்னால் படுத்தாலும் போதும். நூலை இழுத்த அந்த நேரத்தில் மூளை எப்படி இருந்ததோ, அதுதான் படத்தில் தெரியும்.

என்ன தெரிந்தது? இரு குழுவினருக்கும் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. நாம் கவனத்தை ஒன்றின்மேல் குவிக்க உதவும் பகுதி அது. அங்கே எவ்வளவு கூடியதோ, அதற்கேற்ப உச்சந்தலையின் பின்புறப் பகுதியில் குறையும் போக்கு இருந்தது. நம் உடல் எங்கே இருக்கிறது, எதுவரை இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் பகுதி அது.

வேறுபாடும் உண்டு. பௌத்தர்கள் மனக்கண்ணில் ஓர் உருவத்தை நிறுத்தித் தியானித்தார்கள். கன்னியாஸ்திரிகளின் ஜெபத்துக்குச் சொற்களே துணை. அவர்களுக்கு மொழியோடு தொடர்புள்ள பகுதிகளிலும் ரத்த ஓட்டம் கூடியது.

அனுபவத்தை விவரித்தபோதும் அவரவர் நம்பிக்கை வெளிப்பட்டது. பௌத்தர்கள் எல்லாவற்றோடும் ஒன்றாகிவிட்ட உணர்வைச் சொன்னார்கள். கன்னியாஸ்திரிகள் கடவுளின் நெருக்கத்தைச் சொன்னார்கள். ஏனென்றால் பௌத்தம் உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரைச் சொல்வதில்லை. மாறாத 'நான்' ஒன்று இருப்பதாகவும் ஏற்பதில்லை. கிறிஸ்தவத்திலோ, படைத்த கடவுள் ஒவ்வொருவர்மீதும் அன்பு வைத்திருக்கிறார்.

அப்படியானால் யார் சொல்வது சரி? இந்தப் படம் அதைச் சொல்லாது. மாம்பழத்தைப் பார்க்கும்போதும் மூளையில் மாற்றம் நடக்கிறது. அதை மட்டும் படம் பிடித்துப் பார்த்து, எதிரே நிஜமாகவே மாம்பழம் இருக்கிறதா என்று முடிவுசெய்ய முடியுமா? தவிர, ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 11 பேர்தான். இவ்வளவு சிலரை வைத்து உலகத்துக்கே பொதுவாக எதையும் சொல்லிவிடக் கூடாது.

சரி, கண்ணைத் திறந்த பிறகு எப்படி வாழ வேண்டும்? பௌத்தத்தில் பஞ்சசீலம் என்ற 5 ஒழுக்கங்கள். கிறிஸ்தவத்தில் பத்துக் கட்டளைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லாதே, திருடாதே, பொய் சொல்லாதே, தவறான உறவு கொள்ளாதே என்ற நான்கும் இரண்டிலும் உண்டு. ஆனால் பௌத்தத்தின் கொல்லாமை எறும்பையும் காக்கிறது. கட்டளை பேசுவது மனிதக் கொலையைப் பற்றி. பஞ்சசீலம் மதுவை விலக்குகிறது. பல கிறிஸ்தவ சபைகளின் வழிபாட்டில் திராட்சை ரசத்துக்கு இடம் உண்டு. கட்டளைகள் கடவுள் தந்தவை. பஞ்சசீலமோ ஒருவர் தானே எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. புத்தர் எல்லா உயிர்களிடமும் அன்பாக இருக்கச் சொன்னார். இயேசு பகைவரையும் நேசிக்கச் சொன்னார்.

ஒப்பிடுவது அறிவியலின் அடிப்படை வேலை. ஒற்றுமையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வேற்றுமையை மட்டும் பார்த்தாலும் அப்படித்தான்.

செய்து பாருங்கள்: வேறு மதத்தைச் சேர்ந்த நண்பரிடம், அவர் வீட்டில் எப்படி வழிபடுகிறார்கள், எதெல்லாம் செய்யக் கூடாது என்று கேளுங்கள். நோட்டில் 'ஒன்றாக இருப்பவை', 'வேறாக இருப்பவை' என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் நண்பரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திருத்தினால் மறுக்காமல் திருத்திக்கொள்ளுங்கள். அவர் நம்பிக்கையைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தானே நன்றாகத் தெரியும்!