கடைமடைக் குழாய்

(பண்ணை வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



கடைமடை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் தலைப்பில் இருக்கிறவர் வயல் தளும்பி நிற்கும். கடைசி வயல்காரர் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் காத்துக் கிடப்பார். வந்தாலும் கணுக்கால் நனையாத அளவுக்கு, கலங்கலாய் வரும். இன்றைக்கு நான் பேசப் போவது குடிதண்ணீரைப் பற்றி. இதிலும் ஒரு கடைமடை இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படுகிற குழாய் உங்கள் ஊரில் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் அது காலனியில் முடியும். இல்லையென்றால் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிற கூலிக்காரர் தெருவில் முடியும்.

அந்தக் கடைசிக் குழாய்களில் ஒரு விஷயம் கண்ணில் படும். குழாய் தரைக்கு மேலே இருக்காது. முழங்கால் அளவு, சில இடங்களில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயை அறுத்து, பள்ளத்துக்குள்ளேயே வாயை விட்டிருப்பார்கள். பெண்கள் உள்ளே இறங்கிக் குடத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஏன் இப்படி? தரைக்கு மேலே தண்ணீர் ஏறுவதில்லை, அவ்வளவுதான். தோண்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு வழி இருந்தால் யார் பள்ளத்தில் இறங்கப் போகிறார்கள்?

ஆனால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் அந்தத் தெருவுக்குள் நுழைகிற முக்கியமான வாசல்களில் இந்தப் பள்ளம் ஒன்று. எப்படி என்று கேளுங்கள்.

தண்ணீர் விடுகிறபோது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். உள்ளே இருப்பது வெளியே வருமே தவிர, வெளியே இருப்பது உள்ளே போகாது. ஆபத்து வருவது வால்வை மூடிய பிறகுதான். குழாயில் மிச்சம் நிற்கிற தண்ணீர் தாழ்ந்த இடம் பார்த்து ஓடும். ஓடும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி, திறந்திருக்கிற வாய் வழியாக எது கிடைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான் இது. பூச்சிமருந்து கலக்கிய டிரம்மில் ஹோஸை முக்கி வைத்தபடியே மோட்டாரை நிறுத்தினால், புட் வால்வு பழுதாயிருந்தால், மருந்து கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும் இல்லையா? அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. பள்ளத்தில் தேங்கி நிற்பது பாத்திரம் கழுவிய தண்ணீர், பிள்ளைகளுக்குக் கால் கழுவிய தண்ணீர், மழை பெய்தால் தெருச் சாக்கடை. அடுத்த நாள் தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான்.

தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறோமே என்று ஊராட்சியில் சொல்வார்கள். போட வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குளோரின் போகப் போகக் குறைந்துகொண்டே போகும் சரக்கு. வழியில் கிடைக்கிற பாசியோடும் அழுக்கோடும் சண்டை போட்டே பாதி தீர்ந்துவிடும். கடைசிக் குழாய்க்கு வந்து சேரும்போது சில நாளில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை. சாக்கடை அதிகமாகக் கலந்துவிட்டால் கூடுதலாகக் குளோரின் போட்டும் பயன்படாமல் போகலாம். 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லியில் அப்படித்தான் நடந்தது. யமுனையில் தண்ணீர் எடுக்கிற இடத்தில் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு பெருகவில்லை. காமாலைக் கிருமி தப்பித்துவிட்டது. ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அந்தக் காமாலைக் கிருமியை இப்போது ஹெபடைடிஸ் ஈ என்கிறார்கள். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடக்கூடிய நோய், நிறைமாதக் கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். அதனால் கர்ப்பிணி இருக்கிற வீட்டில் முதல் குடத்தைக் கீழே கொட்டிவிட வேண்டும். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். விறகுக்கு ஆகிற செலவு எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் முடியாவிட்டால் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் மட்டுமாவது காய்ச்சுங்கள்.

இது அவசரத்துக்குச் செய்வது. பள்ளத்தை மூடுவதுதான் நிலையான வேலை. மூட வேண்டுமானால் தண்ணீர் மேலே ஏற வேண்டும். ஏன் ஏறவில்லை?

இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது. தலைப்பில் உள்ளவர்கள் எல்லோரும் மடையைத் திறந்து வைத்தால் கடைசிக்கு என்ன வரும்? இரண்டாவது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். வசதியுள்ள வீடுகளில் தெருக்குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி மாடித் தொட்டிக்கு இழுக்கிறார்கள். அது தம் பங்கை எடுப்பது மட்டும் அல்ல. குழாயின் அழுத்தத்தையே குடித்துவிடுகிறது. தண்ணீர் விடுகிற நேரத்திலேயே கடைசிப் பள்ளத்து அழுக்கு உள்ளே இழுபட அதுவும் காரணம். ஊராட்சி அந்த இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டிக்கிற தைரியம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

பாசனத்துக்கு நம் முன்னோர் கண்ட வழி முறை வைப்பது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்காரர் என்று ஊருக்கொரு பேரில் ஓர் ஆள் இருந்தார். யாருக்கு எவ்வளவு நாழிகை என்பது அவர் கையில். இன்றைக்குக் குடிதண்ணீருக்கு அந்த இடத்தில் இருப்பவர் தொட்டி ஆபரேட்டர். தெருவுக்கு ஒரு கேட் வால்வு இருந்தால், மற்றதை மூடிவிட்டு ஒவ்வொரு தெருவாகத் திறக்கலாம். காலனிக்கு மட்டும் அரை மணி நேரம் தனியாகத் திறந்து பாருங்கள். பல இடங்களில் தண்ணீர் தானாக மேலே ஏறும். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று வால்வும், ஆபரேட்டருக்கு ஊர் கொடுக்கிற ஆதரவும் போதும். முறை வைத்தும் ஏறாத மேட்டுத் தெருவாக இருந்தால் குழாயைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அங்கேயே ஒரு சிறு போரும் மினி டேங்கும் கேட்க வேண்டும்.

கேட்கும்போது கணக்கோடு போங்கள். தெருவின் முதல் குழாயில் ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, கடைசிக் குழாயில் அதே குடத்துக்கு எவ்வளவு என்று கடிகாரம் பார்த்து ஒரு வாரம் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும். அங்கே ஒரு நிமிஷம், இங்கே எட்டு நிமிஷம் என்று தாளில் இருந்தால், ‘தண்ணி சரியா வரலீங்க’ என்று வாயால் சொல்வதைவிட அதற்குப் பலம் அதிகம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்கும் மேலே. உங்கள் வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது? வாசலில் குழாய் நட்டுவிட்டதாலேயே தண்ணீர் வந்ததாக ஆகாது.

தண்ணீர் ஏறியபின் பள்ளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி மூடி, மேலே சாய்வாகச் சிமெண்டு மேடை போட வேண்டும். குழாய் வாய் மேடையிலிருந்து முழ உயரத்துக்குக் குறையக்கூடாது. குடத்தின் விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் நடுவே எப்போதும் இடைவெளி இருக்கட்டும். ரப்பர் ஹோஸை மாட்டிக் குடத்துக்குள் தொங்கவிடாதீர்கள். அதுவும் பள்ளத்துக்குத் தம்பிதான். குழாய் சாக்கடையைக் கடக்கிற இடம் இருந்தால் அதை மேலே தூக்கி, இரும்புக் குழாய்க்குள் நுழைத்துப் போடச் சொல்லுங்கள்.

இனி பிளீச்சிங் பவுடர். ஓரளவு தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2½ கிராம் என்பது அடிப்படைக் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். பவுடர் பழசானாலும் ஈரம் பட்டாலும் வீரியம் போய்விடும், அப்போது கூடுதலாக வேண்டும். அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய விட்டு, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். தொட்டி மூடிக்குப் பூட்டு இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தொட்டிக்குள் மலம் கலந்திருந்த செய்தியைப் படித்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

போட்டது போதுமா என்பதைச் சோதிக்கிற இடம் தொட்டி அல்ல, கடைசிக் குழாய். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். நோய் பரவுகிற சமயத்தில் 0.5 வரை வேண்டும். இதைப் பார்க்கச் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. குழாயில் பிடித்த தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனையைக் கற்றுத்தர ஏற்பாடு உண்டு. அந்த ஐவரில் ஒருவராவது கடைசித் தெருப் பெண்ணாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். தன் பிள்ளை குடிக்கிற தண்ணீர் என்றால் அவர் ஒரு நாள்கூடத் தவறவிடமாட்டார்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். குடக் கணக்குத் தாளையும், சோதனையில் வந்த நிறத்தையும் அன்றைக்குப் படித்துக் காட்டி, எந்தத் தெருவுக்கு எந்த நேரம் தண்ணீர் என்ற முறையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய முறையை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள்.