ஒரு ‘எஸ்’ செய்த குழப்பம்

தீவுக்கு ஆங்கிலத்தில் ஐலண்ட் என்றும் சொல்லலாம், ஐல் என்றும் சொல்லலாம். எழுத்தில் பார்த்தால் ஐலண்டைச் சுருக்கித்தான் ஐல் ஆக்கியிருப்பார்கள் என்று தோன்றும். இரண்டிலும் வாயில் வராத ஒரு ‘எஸ்’ வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பிறப்பால் எந்த உறவும் இல்லை.

ஐலண்ட் பழைய ஆங்கிலத்துக்கே சொந்தமானது. அதன் பின்பாதி, நிலம் என்று பொருள்படும் ‘லேண்ட்’. முன்பாதி தீவைக் குறித்த ஒரு குட்டிச் சொல். அதன் வேர் தண்ணீரில் இருக்கிறது. லத்தீனில் தண்ணீரைக் குறிக்கும் ‘அக்வா’வும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆக, நம் வீட்டு மீன்தொட்டியான அக்வேரியம் ஐலண்டுக்குத் தூரத்துச் சொந்தம்!

ஐல் வந்த வழி வேறு. லத்தீனில் தீவுக்குப் பெயர் ‘இன்சுலா’. அது பிரெஞ்சில் தேய்ந்து, பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் வந்தது. தீபகற்பமான பெனின்சுலா இதன் உறவு. மின்கம்பிக்குப் போடும் இன்சுலேஷனும் அப்படியே. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் கணையத்தில் தனித்தனித் திட்டுகளாகக் கிடந்த செல்களைக் கண்டார். தீவுபோல் கிடந்த அந்தத் திட்டுகளில் சுரப்பதால்தான் இன்சுலினுக்கு அந்தப் பெயர். சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் ஊசியிலும் ஒரு தீவு இருக்கிறது. அது ஐல், ஐலண்ட் அல்ல.

இன்றைய புழக்கத்திலும் இரண்டும் ஒன்றல்ல. பேச்சில் ஐலண்ட்தான். சாலை நடுவில் இருக்கும் மேடையும் டிராஃபிக் ஐலண்ட்தான். ஐல் என்று யாரும் சொல்வதில்லை. ஐல் கவிதையிலும், ஐல் ஆஃப் மேன் போன்ற ஊர்ப்பெயர்களிலும் வாழ்கிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ‘ஐல் ஆஃப் ஷெப்பி’ என்று ஒரு தீவு. ஷெப்பி என்றாலே செம்மறியாட்டுத் தீவு. ஆக அதன் முழுப் பெயர் ‘செம்மறியாட்டுத் தீவுத் தீவு’.

சரி, அந்த எஸ்? ஐலுக்கு அது பூர்வீகச் சொத்து. பிரெஞ்சில் நடுவே தொலைந்துபோனதை, லத்தீன் மோகம் கொண்டவர்கள் தேடியெடுத்து மறுபடி எழுத்தில் சேர்த்தார்கள். ஐலண்டும் அதே குடும்பம் என்று தப்பாக நினைத்து, எஸ் இல்லாமல் நன்றாக இருந்த அந்தச் சொல்லிலும் 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒன்றைச் செருகிவிட்டார்கள். எழுதிய கை ஏமாந்தது. பேசிய நாக்கு ஏமாறவில்லை.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. தேவாலயத்தின் பக்கவாட்டுப் பகுதிக்கும் ஐல் என்றே உச்சரிப்பு. அது ‘இறக்கை’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தீவோடு கலந்து அதுவும் ஓர் எஸ்ஸை வாங்கிக்கொண்டது. பிறகு இருக்கைகளுக்கு நடுவே நடக்கும் பாதைக்கும் அதுவே பெயராயிற்று. விமானத்தில் ‘ஐல் சீட்’ கேட்பவர், சொல்லின் பிறப்பைப் பார்த்தால், இறக்கையில் இடம் கேட்கிறார்.